பதினைந்து தௌ

இலக்கியம் பேசும் இடத்தில் எஞ்சினைப் பற்றி எழுத முனைந்ததற்கு நண்பர்கள் முதலில் நம்மைப் பொறுத்தருள வேண்டும். கலித்தொகை உரைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை எழுதவே மேசை முன் அமர்ந்தோம். அப்போது ஒரு குறிப்பேட்டுப் பக்கத்தின் ஒளிப்படம் கைப்பேசியில் வந்து சேர்ந்தது. அதைக் கண்டபின் கலித்தொகை ஓடவில்லை.

இரண்டாவது மன்னிப்பும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நாம் எழுதப்போவது ஒரு பந்தயக் காரின் எஞ்சினைப் பற்றி. அந்தப் பந்தயக் கார் ஓர் அம்பாசிடர். சிரிக்க விரும்புவோர் சிரித்து முடிக்கும்வரை காத்திருக்கிறோம். வெள்ளையடித்து, சுழல்விளக்கு வைத்து, திரைச்சீலை தொங்கவிட்டு அரசு அலுவலக வாயிலில் நின்ற வண்டியாகவே அதை நம் தலைமுறை அறியும். 2014-இல் உத்தரபாராவில் அதன் உற்பத்தி நின்றபோது நாம் படித்த இரங்கற் கட்டுரைகள் அதன் இருக்கையின் அகலத்தைப் புகழ்ந்தன. ஓட்டத்தைப் புகழ்ந்தவர் இலர். ஆயினும் அதிலிருந்த 1489 சி.சி. எஞ்சின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. 1955-இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்னும் இருவர் அமரும் வேகக் காரிலும் அதே வரிசையின் அதே 1489 சி.சி. எஞ்சின்தான் இருந்தது. அங்கே இரட்டைக் கார்புரேட்டருடன் 70 குதிரைத்திறனை ஒட்டித் தந்தது. இங்கே ஒற்றைக் கார்புரேட்டருடன் 50-ஐ ஒட்டித் தந்தது. இடையில் தொலைந்துபோன அந்த இருபது குதிரைகளைத் தேடியே நம் தாய்மாமன் தம் வாழ்வின் ஒரு பகுதியைச் செலவிட்டார்.

மாமா கோவையில் ஒரு பஞ்சாலையின் பணிமனையில் ஃபிட்டராகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். முதலாளி வீட்டு அம்பாசிடர் ஒன்று மேட்டுப்பாளையம் சாலையில் புளியமரத்தில் மோதி முகம் நசுங்கிக் கிடந்ததை 1969-இல் சொற்ப விலைக்கு வாங்கினார். தகரத்தை நிமிர்த்த ஓராண்டு. எஞ்சினைத் திருத்த இரண்டாண்டு. சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டினார். இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர் எங்கிருந்தோ வந்தது. கேம் ஷாப்ட்டின் மேடுகளைத் தாமே திருத்தி அரைத்தார். அதிக வேகத்தில் வால்வுகள் தம் இருக்கைக்குத் திரும்பத் தாமதிக்கலாகாது என்று கெட்டியான ஸ்பிரிங்குகளைப் பூட்டினார். பிறகு அதைச் சோழவரத்துக்கு ஓட்டிச் சென்றார்.

சோழவரம் சென்னைக்கு வடக்கே இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைந்த விமான ஓடுதளம். விமானங்கள் போனபின் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் உருவாகும்வரை தென்னாட்டின் வேகப்பித்தர்கள் அனைவருக்கும் அதுதான் ஊர்த் திருவிழா. மாமா அங்கே மும்முறை ஓட்டினார். பரிசு எதுவும் பெறவில்லை. "நாலாவதா வந்தேன்" என்பார். எத்தனை பேரில் என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். கோவைக்காரர்களுக்கு இந்தப் பித்து புதிதன்று. 1988-இல் ஃபார்முலா மாருதி என்னும் எளிய பந்தயக் காரை வடிவமைத்த கரிவரதன் இவ்வூர்க்காரர். 1995-இல் விமான விபத்தில் மறைந்த அவர் பெயரால்தான் செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் விளங்குகிறது. 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இவ்வூரே. அவர்கள் உயரம் வேறு. மாமா போன்றோர், ஞாயிற்றுக்கிழமை கையில் கிரீஸ் படிய நின்றோர், எண்ணிக்கையில் அடங்கார்.

பஞ்சாலையின் தறிச் சத்தமும் திறந்த புகைக்குழாயின் முழக்கமும் சேர்ந்து மாமாவின் செவிகளை அறுபது வயதுக்குள் வாங்கிவிட்டன. ஆகவே கடந்த இருபதாண்டுகளாக அவர் எஞ்சினைக் கேட்டதில்லை, தொட்டார். ராக்கர் மூடியின்மேல் ஐந்து விரல்களையும் விரித்து வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நாடி பார்க்கும் வைத்தியரை நினைத்துக்கொள்ளலாம்.

இனி அந்த மூடிக்குக் கீழே இருப்பதைச் சொல்ல வேண்டும். கவலையும் ஏற்றமும் கண்ட தலைமுறைக்கு ராக்கர் ஆர்மை விளக்குவது எளிது. ஏற்றத்தில் நடுவே ஓர் அச்சு. ஒருபுறம் தாழ்ந்தால் மறுபுறம் எழும். ராக்கரும் அதுவே. கேம் ஷாப்ட் எஞ்சினின் வயிற்றில் சுழல்கிறது. அதன் மேடு ஒரு டேப்பெட்டை உயர்த்த, டேப்பெட் நீண்ட புஷ் ராடை உயர்த்த, புஷ் ராட் ராக்கரின் ஒரு முனையை மேலே தள்ளுகிறது. மறுமுனை கீழிறங்கி வால்வின் தலையில் அழுத்தி அதைத் திறக்கிறது. மேடு கடந்ததும் ஸ்பிரிங் வால்வை இழுத்து மூடுகிறது. விரல் நீளமே உள்ள எட்டு ராக்கர்கள் ஒரே தண்டில் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றுச் சுழலும்போது ஒவ்வொரு ராக்கரும் 2000 முறை, அதாவது நொடிக்கு 33 முறை தலையாட்டுகிறது. ஸ்பிரிங் கெட்டியாக ஆக, ஒவ்வோர் ஆட்டத்திலும் ராக்கரின் முனை வாங்கும் அடி கூடுகிறது. தொலைந்த குதிரைகளை மீட்க மாமா கொடுத்த விலை ராக்கர்களின் ஆயுள்தான்.

ராக்கர் முனைக்கும் வால்வின் தலைக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தாக வேண்டும். உலோகம் சூட்டில் நீளும். நீளும் வால்வுக்கு இடம் வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கையில் 15 தௌ என்பது மாமா அந்த எஞ்சினுக்கு வைத்திருந்த கணக்கு. தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கோவைப் பட்டறைகளில் மில்லிமீட்டர் நுழைந்து இத்தனை காலமாகியும் இந்தச் சொல் போகவில்லை. இடைவெளி மிகுந்தால் ராக்கர் தட்டும், ஓசை வரும், முனை தேயும். குறைந்தால் ஓசை இராது. ஆனால் வால்வு முழுதும் மூடாது. கொதிக்கும் புகை அந்தக் கீற்று வழியே சீறும். தன் இருக்கையில் அழுந்தி நின்றுதான் வால்வு தன் சூட்டைக் கழிக்கிறது. அந்த இருக்கை மறுக்கப்பட்டால் அதன் விளிம்பு சில நூறு மைல்களில் கருகிவிடும். தட்டும் வால்வு நெடுநாள் வாழும், ஓசையற்ற வால்வைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்பது மாமா எங்களுக்குச் சொல்லித்தந்த முதற்பாடம்.

எங்களுக்கு என்றால் நமக்கும் தம்பிக்கும். தம்பி கணபதியில் இரண்டு லேத் வைத்துப் பட்டறை நடத்துகிறான். நாம் தமிழில் முதுகலை முடித்துக் கல்லூரிக்குப் போனோம். வீட்டில் யார் எதற்குப் பயன்படுவார் என்பதை மாமா தெளிவாக வகுத்திருந்தார்: தம்பி ஸ்பேனர் பிடிப்பான், நாம் எழுத வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு மாமா வீட்டுக் கொட்டகையில் எட்டு வால்வுகளின் இடைவெளியையும் அளந்து குறிப்பேட்டில் ஏற்றுவது நம் வேலை. அதற்கு ஒரு வாய்பாடு உண்டு. 1-ஆம் வால்வை அளக்க 8-ஆவது முழுதும் திறந்திருக்க வேண்டும்; 2-க்கு 7; 3-க்கு 6. அளப்பதும் திறந்திருப்பதும் கூடினால் ஒன்பது. நாம் இதை யாப்பிலக்கண வாய்பாடு போல மனப்பாடம் செய்துகொண்டோம். ஃபில்லர் கேஜின் 15 தௌ தகட்டை நுழைத்து, அது லேசான பிடிப்போடு நகர்ந்தால் '15' என்று எழுதுவோம். எட்டுக் கட்டங்கள், எட்டுப் பதினைந்துகள். அந்தக் குறிப்பேட்டின் பக்கங்கள் அழகாயிருந்தன என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு அப்போது நாணமில்லை.

2021 டிசம்பரில் ராக்கர்கள் தண்டில் தளர்ந்து ஆடத் தொடங்கின. உள்ளேயிருந்த வெண்கலப் புஷ்கள் தேய்ந்திருந்தன. பழைய ராக்கர்களுக்குப் புதுப் புஷ் அடிக்கலாம் என்றார் மாமா. கடையில் புதிய ராக்கர் செட்டே குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது அந்த வேலை எதற்கு என்றான் தம்பி. நாமும் அவன் பக்கமே நின்றோம். உண்மையில், சீக்கிரம் முடிந்தால் விடைத்தாள் திருத்தப் போகலாம் என்பது நம் கணக்கு. பழைய எட்டையும் மாமா எண்ணெய்த் தாளில் சுற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார். அவர் எதையும் எறிந்தவரல்லர்.

எட்டு மாதங்கள் கழித்து ஒரு ஞாயிறு, மூடியின்மேல் விரல் வைத்த மாமா கண்ணைத் திறந்தார்.

"ஏங்கண்ணு, அஞ்சாவது தட்டுதே. எவ்வளவு இருக்குது?"

"பதினஞ்சுதானுங்க மாமா. இப்பத்தான் அளந்தேன்."

குறிப்பேட்டைக் காட்டினோம். அதற்கு முந்தைய மாதமும் 15, அதற்கு முந்தைய மாதமும் 15. மாமா படித்தார், மீண்டும் விரலை வைத்தார். "நோட்டு பதினஞ்சுங்குது. கை இருபதுக்கு மேலங்குது" என்றார். முதுமையில் விரலும் உணர்விழந்துவிட்டதோ என்று நினைத்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். தம்பியும் நாமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது அவர் கண்ணில் பட்டிருக்கும்.

அவர் ஒன்றும் சொல்லாமல் எஞ்சினை நிறுத்தச் செய்து, ஐந்தாம் ராக்கரைத் தளர்த்தி, முனையைத் தம் கட்டைவிரல் நகத்தால் மெல்ல வருடினார். நகம் ஓரிடத்தில் இடறி நின்றது. நம் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். நமக்கும் இடறியது.

புதிய ராக்கரின் முனை போதிய கெட்டிப்பின்றி மென்மையாக இருந்திருக்கிறது. மேற்பரப்பைக் கரியேற்றிச் சுட்டுக் கெட்டிப்படுத்தும் வேலையை எவரோ பாதியில் விட்டிருந்தார்கள். வால்வின் தலை அடித்து அடித்து, தன் அகலத்துக்கே ஒரு சிறு பள்ளத்தை முனையில் வெட்டிக்கொண்டிருந்தது. நம் ஃபில்லர் கேஜின் தகடு அந்தப் பள்ளத்தைவிட அகலமானது. எனவே அது பள்ளத்துக்குள் இறங்காமல் இரு கரைகளின்மேல் பாலம்போல் படுத்துக்கொண்டு, 15 என்று நமக்குச் சொல்லியிருக்கிறது. தம்பி பட்டறையில் டயல் கேஜ் வைத்துப் பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்தான்: 9 தௌ. மெய்யான இடைவெளி 24. மாதந்தோறும் நாம் எழுதிய பதினைந்துகளில் எது முதல் பொய் என்று கண்டுபிடிக்க இனி வழியில்லை.

நம் தொழிலில் இது நடக்காததன்று. மாணவன் எழுதிவரும் வெண்பாவை அலகிட்டுப் பார்ப்போம். சீர் சரி, தளை சரி, ஈற்றடி சரி. வாய்விட்டுப் படித்தால் செப்பலோசை எங்கோ தடுக்கும். அலகில் பிழையில்லாததால் மதிப்பெண் போட்டு அனுப்பிவிடுவோம். நமக்குக் கற்பித்த பேராசிரியர் அப்படி அனுப்பமாட்டார். "இன்னொருமுறை படி" என்பார். நாம் எப்போது அவரை விட்டு விலகினோம் என்று அன்று மாலை பேருந்தில் நினைத்துக்கொண்டே வந்தோம்.

தம்பி ஒரு பழைய தகட்டைப் பள்ளத்துக்குள் நுழையும் அகலத்துக்கு நறுக்கி ஒரு குறுகிய கேஜ் செய்தான். அதனால் அளந்ததில் எட்டில் ஆறு ராக்கர்கள் பள்ளம் விழுந்தவை என்று தெரிந்தது. எண்ணெயையும் மாற்றினோம். இக்காலத்து எண்ணெய்களில், புகையைத் தூய்மை செய்யும் கருவிகளுக்குக் கேடு வராதிருக்கத் துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த கூட்டுப்பொருளைக் குறைத்துவிட்டார்கள். இத்தகைய பழைய எஞ்சின்களில் உலோகம் உலோகத்தை உரசும் இடங்களைக் காத்துவந்தது அதுதான். ஆனால் பள்ளம் விழுந்தபின் எந்த எண்ணெயும் அதை நிரப்பாது. பழைய ராக்கர்களையே சீர்செய்து பூட்டுவது என்று முடிவாயிற்று. தம்பியின் பட்டறையில் பம்ப் உதிரிகளின் ஆர்டர் குவிந்திருந்தது. "அடுத்த மாதம்" என்றான். அந்த அடுத்த மாதம் ஆறு மாதமாக நீண்டது. கார் கொட்டகையில் தட்டிக்கொண்டே நின்றது.

2023 மார்ச்சில் அத்தையால் எழுந்து நிற்க முடியாமற்போயிற்று. இரு முழங்கால் மூட்டுகளையும் மாற்ற வேண்டும் என்றார் மருத்துவர். மாமா ஓரிரவு யோசித்தார். மறுநாள் காரை விற்றுவிடச் சொன்னார். பிள்ளைகள் இல்லாத வீடு; நாங்கள் பணம் புரட்டுகிறோம் என்று சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை, இரு பொருளிலும். பழைய பந்தயக் கார்களைத் திரட்டிப் பேணும் சென்னை அன்பர் ஒருவர், சோழவரத்தில் ஓடிய வண்டி என்றதும் தொலைபேசியிலேயே நல்ல விலை சொன்னார். வரும் ஞாயிறு வந்து, ஓட்டிப் பார்த்து, பணம் தருவதாகப் பேச்சு. இடையில் நான்கு நாட்கள்.

நான்கு நாட்களில் எட்டு ராக்கர்களைச் சீர்செய்ய இயலாது. சனிக்கிழமை இரவு தம்பியும் நாமும் கொட்டகைக்குப் போனோம். மாமா உறங்கியிருந்தார். தம்பி குறுகிய தகடுகளைக் கொண்டு தட்டும் ஆறு வால்வுகளின் இடைவெளியையும் ஒவ்வொன்றாக 6 தௌவுக்குக் குறைத்தான். எஞ்சினை ஓடவிட்டபோது நமக்கே வியப்பாயிருந்தது. நெய்யில் கரண்டி சுழல்வதுபோல் அத்தனை மென்மை.

"நாளைக்கு ஒரு நாள்தான். வண்டி மெட்ராஸ் போனதும் அவங்க எப்படியும் பிரிச்சு வேலை செய்வாங்க" என்றான் தம்பி.

இதற்கு நாம் மறுமொழி கூறவில்லை. குறிப்பேட்டை விரித்தோம். தேதியிட்டு, எட்டுக் கட்டங்களிலும் 15 என்று எழுதினோம். முன்னர் எழுதிய பொய்கள் கருவி சொன்னவை. இது நாமே எழுதியது. கையெழுத்தில் வேற்றுமை எதுவும் தெரியவில்லை. வழக்கத்தைவிடச் சற்று அழகாகவே அமைந்தது. அத்தையின் கால்களை நினைத்துக்கொண்டோம் என்பது உண்மை. நினைத்துக்கொள்ள அத்தையின் கால்கள் கிடைத்ததில் நமக்கு ஓர் ஆறுதல் இருந்தது என்பதும் உண்மை.

ஞாயிறு காலை வந்தவர் நம் வயதினர், பண்பாளர். காரை மும்முறை சுற்றிவந்தார். அவிநாசி சாலைவரை ஓட்டிப் பார்த்துத் திரும்பினார். எஞ்சின் இத்தனை அமைதியாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை என்றார். குறிப்பேட்டைக் காட்டினோம். பக்கங்களைப் புரட்டியவர், இப்படி ஆவணத்தோடு ஒரு பழைய வண்டியைத் தாம் பார்த்ததே இல்லை என்று நெகிழ்ந்து சொன்னார். மாமா அவர் உதடுகளைப் பார்த்து ஏறத்தாழ விளங்கிக்கொண்டு புன்னகைத்தார். பிறகு, விடைபெறுபவர்போல, ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் அருகே போய் மூடியின்மேல் விரல்களை விரித்து வைத்தார்.

வெகுநேரம் வைத்திருந்தார். பின் காரின் பின்புறம் சென்று, குனிய முடியாமல் குனிந்து, புகைக்குழாயின் முன் உள்ளங்கையைக் காட்டினார். சீராக மூடும் வால்வுகள் சீராக ஊதும். ஒன்று சரியாக மூடாவிட்டால் மூச்சு இடையிடையே திக்கும். அவர் கை சற்றுநேரம் அங்கேயே இருந்தது. எழுந்து வந்தவர் தம்பியைப் பார்க்கவில்லை, வந்தவரையும் பார்க்கவில்லை. நம்மிடம் கையை நீட்டினார். குறிப்பேட்டைக் கொடுத்தோம். கடைசி வரியைப் படித்தார். மூடினார். திரும்ப நம் கையில் வைத்தார்.

"கண்ணடையா எழுதியிருக்கறே. நீயே அவருக்குப் படிச்சுச் சொல்லு."

அவர் குரலில் சினம் இருந்திருந்தால் ஒருவேளை அந்தப் பதினைந்தையே படித்திருப்போமோ என்னவோ. இல்லை. வகுப்பில் ஒரு மாணவனை எழுப்பிப் பாடலைப் படிக்கச் சொல்வதுபோல் இயல்பாயிருந்தது. நாம் குறிப்பேட்டைத் திறந்தோம். "இங்கே பதினைந்து என்று எழுதியிருக்கிறது. உண்மையில் ஆறு வால்வுகளில் ஆறு தௌதான். நேற்றிரவு ஓசை கேட்காதிருக்கக் குறைத்தோம். ராக்கர்களின் முனைகளில் பள்ளம் இருக்கிறது. இப்படியே சென்னைவரை ஓட்டிப் போயிருந்தால் வழியிலேயே புகை வால்வுகள் கருகக்கூடும், நடுவிலிருக்கும் 4-உம் 5-உம் முதலில் போகும்" என்றோம். கூட்டம் கூட்டமாக மாணவர்முன் பேசிப் பழகிய குரல் அந்த நான்கைந்து வாக்கியங்களுக்குள் இருமுறை உடைந்தது.

வந்தவர் எஞ்சினை அணைத்தார். கொட்டகையில் எவரும் பேசவில்லை. அத்தை உள்ளிருந்து, காப்பி போட்டாயிற்றா என்று தம்பி மனைவியைக் கேட்டது தெளிவாகக் கேட்டது. அவர் போய்விடுவார் என்றே நினைத்தோம். அவரோ மூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னார். மாமா அவர் விரலைப் பிடித்து ஐந்தாம் ராக்கரின் முனையில், நம் விரலை வைத்த அதே இடத்தில் வைத்தார். "சரி செய்து வையுங்கள். வருகிறேன்" என்று சொல்லிப் போனார். திரும்புவார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. முன்பணமும் இல்லை.

மாமா அன்று எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து தம்பியின் மடியில் வைத்தார். அவ்வளவுதான்.

தம்பி பம்ப் ஆர்டரை ஒதுக்கிவிட்டு மூன்று வாரம் அந்த வேலையிலேயே இருந்தான். தண்டைக் கழற்றியபோது இன்னொன்று தெரிந்தது. மேலிருந்து பார்க்கையில் அது கண்ணாடிபோல் இருந்தது. அடிப்புறத்தில் எட்டு இடங்களில் படிபடியாகக் குழிந்திருந்தது. புஷ் ராட் ஒரு முனையை மேலே தள்ளுகிறது. ஸ்பிரிங் மறுமுனையை மேலே தள்ளுகிறது. ஆகவே ராக்கர் எப்போதும் தண்டின் வயிற்றில்தான் அழுத்துகிறது. 2021-இல் புதிய ராக்கர்களைக் கோத்தபோதே இதைக் கண்டதாகவும், எமரித் தாளால் தேய்த்து அப்படியே மாட்டிவிட்டதாகவும் தம்பி அப்போதுதான் சொன்னான். அவனுக்கும் ஒரு குறிப்பேடு உள்ளே இருந்திருக்கிறது.

புதுத் தண்டு கடைந்து, கெட்டிப்படுத்தி, அரைத்து வந்தது. பழைய ராக்கர்களின் முனைகளை அரைத்துப் பள்ளமின்றிச் சீராக்கினான். புஷ்களை அடித்தபின் ஒவ்வொன்றிலும் எண்ணெய் போகும் துளையிட வேண்டும். தண்டின் உள்ளே வரும் எண்ணெய், புஷ்ஷின் துளை வழியே ராக்கருக்குள் ஏறி, புஷ் ராடின் தலைவரை போகிறது. துளையிட மறந்தால் புதிய புஷ்ஷே அந்த வழியை அடைத்துவிடும். எல்லாம் புதிதாக இருக்க, உள்ளே வறண்டு தேயும். ராக்கரின் முனைத் தக்கையை எடுத்துவிட்டு, உள்ளிருக்கும் பழைய துளையின் வழியாகவே துரப்பணத்தைச் செலுத்திப் புஷ்ஷில் துளையிட்டு, மறுபடி தக்கையை அடைத்துப் பற்றவைத்தான். எட்டு ராக்கர்கள். ஒவ்வொன்றையும் மாமா வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். மறுபுறம் காற்று வந்தால் தலையசைப்பார். ஏழாவது வரவில்லை. தம்பி முணுமுணுக்காமல் மீண்டும் துளையிட்டான். பற்றவைப்பின் சூட்டில் முனைகள் மென்மையாகியிருக்குமோ என்ற ஐயம் மாமாவுக்கு. எனவே எட்டையும் வெப்பப் பதம் செய்பவரிடம் அனுப்பி முனைகளைக் கெட்டிப்படுத்தி வாங்கினோம்.

அத்தையின் அறுவைக்கு ஏப்ரலில் குறித்த நாள் தவறிப்போயிற்று. மருத்துவமனையில் அடுத்த நாள் கேட்கப் போனபோது நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னோம். "இத்தன வருசம் நடந்த காலு, ரெண்டு மாசம் உக்காந்திருக்காதா?" என்றார். அந்த இரண்டு மாதம் அவர் சுவரைப் பிடித்து நகர்ந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒவ்வொரு ஞாயிறும் கொட்டகைக்குப் போகும் வழியில் அந்தச் சுவரைக் கடக்க வேண்டும். கைபட்ட இடம் கறுத்து ஒரு கோடாகியிருந்தது.

சென்னைக்காரர் மே மாத இறுதியில் வந்தார். இம்முறை எஞ்சின் மெல்லத் தட்டியது. எட்டும் ஒரே சீராக, மழைக்குப் பின் தகரக் கூரையிலிருந்து சொட்டுவதுபோல. சொன்ன விலையில் குறைக்காமல் கொடுத்தார். மாமா ராக்கர் வேலைக்கான செலவைக் கழித்துக்கொள்ளச் சொன்னார், அவர் மறுத்தார், நீண்ட வாதத்துக்குப்பின் லாரி வாடகையை மாமா கொடுப்பதென்று முடிந்தது. அத்தைக்கு ஜூனில் அறுவை நடந்தது. இப்போது நடக்கிறார், மாடிப்படியில் மட்டும் திட்டிக்கொண்டே.

குறிப்பேடு காரோடு போயிற்று. கொடுக்குமுன் அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று ஒருகணம் தோன்றியது. கிழிக்கவில்லை. ஆறு பதினைந்துகளையும் அடித்துப் பக்கத்தில் 6 என்று எழுதி, கையெழுத்திட்டோம். குறிப்பேட்டில் அழகற்ற பக்கம் அது ஒன்றுதான்.

இன்று காலை கைப்பேசியில் வந்த ஒளிப்படம் அந்தக் குறிப்பேட்டினுடையதே. மாதத்துக்கு ஒருமுறை அவர் அனுப்புகிறார். நம் கையெழுத்துக்குக் கீழே வேறொருவருடைய சாய்ந்த எழுத்தில் தேதியும் எட்டு எண்களும். மாலையில் மாமாவிடம் கொண்டுபோய்ப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினோம். பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். 15, 15, 15, 15, 16, 15, 15, 15.

"அஞ்சாவது பதினாறு" என்றார். முகத்தில் குறை எதுவும் தெரியவில்லை. சற்றுக் கழித்து, "இது சூட்டுல அளந்ததா, ஆறினப்பறமா? எழுதக் காணோமே?" என்றார்.

கேட்டு அனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.